பாலைவனத்துக்கு வந்த தண்ணி வண்டி

தண்டையார்ப்பேட்டை
வியாழக்கிழமை

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் பஷீர் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஷம்ஷாத்தைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களிடம் திட்டு வாங்கியே உடம்பு தேறிய காஜா மொய்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், ஷம்ஷாத், எங்கள் பெண் ரூஹி மூவரும் நலம். என் தண்ணி லாரியும் நலம், பின் சக்கரம் மட்டும் மாத்தூரில் உள்ள உங்கள் டயர் கடையை நினைத்து ஏங்குகிறது. அரையாண்டு லீவில் உங்கள் மகள் நவ்ரீன் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பியதும், பிள்ளை கறுத்துப் போய்விட்டாள் என்று வருத்தப்பட்டீர்களாம். எங்கள் மொட்டைமாடி வெயில் அப்படி, மன்னிக்கவும்.

இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். பாலைவனம் என்று நான் வாயெடுத்தாலே கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், அதனால்தான் ஷம்ஷாத் இதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ரூஹியும் நவ்ரீனும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கும் ஞானசெல்வி டீச்சர் பிள்ளைகளை ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கூட்டிப் போகிறார் அல்லவா, அதற்கு நவ்ரீனை அனுப்பச் சம்மதம் என்று ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மேலே அச்சடித்திருப்பதைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை காலைக்குள் அது டீச்சர் கையில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நவ்ரீன் மனசு ஒடிந்து போகும். போன நவம்பரில் கேட்டபோது ஒட்டகம் கடிக்கும், மணல் மூடும், பெண் தொலைந்து போவாள் என்று மறுத்துவிட்டீர்கள். மாதவரம் பஸ் நிலையத்தைத் தாண்டினாலே காது அடைக்கிற மனுஷன் நீங்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரூஹி போன குழுவோடு துணைக்குப் போன ஒரே தகப்பன் நான். நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன், படித்து முடித்ததும் உங்கள் கையே பேனாவைத் தேடும்.

முதல் தப்பு என்னுடையது. டீச்சர் கொடுத்த பட்டியலில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று போட்டிருந்தது. பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர், டீச்சரம்மா ஊட்டி பட்டியலை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நானே அதை அடித்துவிட்டு, மற்ற பெற்றோர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு அடிக்கச் சொன்னேன். பதிலுக்கு நன்னாரி சர்பத் ஆறு பாட்டில், பனைவிசிறி இருபத்திரண்டு, மோர் மிளகாய் ஒரு டப்பா. ரயிலில் இரண்டு நாள் போய், பஸ்ஸில் அரை நாள் போய், இறங்கின மறுநாள் விடிகாலையில் பார்த்தால், காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்குள் பாய் போட்டுப் படுத்த மாதிரி ஒரு குளிர். இருபத்திரண்டு பிள்ளைகளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் விசிறியோடு, பல் தாளம் போட வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். டீச்சர், சர்பத் வேண்டுமா என்று மட்டும் என்னைக் கேட்டார்.

வெயில் ஏறினதும் மணலைப் பார்த்தேன் மச்சான். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் கடல், அலையெல்லாம் எழும்பி நிற்கிற நேரத்தில், யாரோ கூப்பிட்ட மாதிரி அப்படியே திரும்பிப் பார்த்து நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. கரை எங்கே என்று என் கண் தேடிக்கொண்டே இருந்தது. நம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டினாலும் மூக்கே வழி சொல்லிவிடும், மீன் வாடை வந்தால் காசிமேடு, கேஸ் வாடை வந்தால் மணலி, சாம்பல் நெடி வந்தால் எண்ணூர். அங்கே மூக்குக்கு வேலையே இல்லை. ஒரு வாடையும் இல்லாத காற்று, ஒரு ஹாரனும் இல்லாத பகல். பேசினால் பேச்சு நம் வாயை விட்டுப் போய் மணலில் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகள் மணலில் தெர்மாமீட்டரைச் செருகிச் சூடு பார்த்தார்கள், மேடு எவ்வளவு சாய்கிறது என்று நூல் பிடித்து அளந்தார்கள், வண்டு நடந்த தடத்தை நோட்டில் வரைந்தார்கள். ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி அசையாமல் நிற்கிற மணலில் இத்தனை எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போனால் அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம், ஆளுக்கு ஒரு மேட்டில் தனியாக உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசாமல் பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். எனக்கும் ஒரு மேடு கொடுத்தார். பத்து நிமிஷம் பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை, உடம்பு அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டது. விழித்தபோது வெளிச்சம் குங்குமப்பூ பால் மாதிரி ஊறிக் கிடந்தது, மேடேறும்போதே மணல் இழுத்துக்கொண்ட என் ஒரு செருப்பைக் காணோம், மற்றவர்களையும் காணோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் முன்பே திரும்பின பக்கமாக இருந்தது. பயம் வர வேண்டும், வரவில்லை. நான் செத்துப் போய், எந்த லாரிக்கும் டோக்கன் போடத் தேவையில்லாத ஊருக்கு வந்துவிட்டேன் என்று நிம்மதியாகவே இருந்தேன். அப்போது மேட்டின் மேல் ஒரு பச்சைத் துப்பட்டா தெரிந்தது. எட்டாவது படிக்கிற ஒரு பெண், ரூஹியோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். என் காலடித் தடத்தில் ஒரு கால் வெறுங்காலாக இருப்பதைக் கவனித்து, அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னா மாமு, தொலையக் கூடாதுன்னு எங்களப் பாத்துக்க வந்துட்டு, நீ இங்க தூங்கினு கீற," என்றாள்.

கூடாரம் நூறு அடியில்தான் இருந்தது. ஆகவே மச்சான், பெண் பிள்ளைகள் தொலைவதில்லை.

இனிதான் பெரிய சங்கதி. அந்தக் கூடாரத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை டிராக்டரில் தண்ணி டேங்க் வரும். நம் லாரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத சின்ன டேங்க். அதில் கூடாரத்துக்கு ஒரு டிரம், மீதியெல்லாம் பக்கத்துக் குடிசைகளுக்கும் ஒட்டகங்களுக்கும். காலையில் வண்டி வரும் என்று டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். பார்த்தால், சாயங்காலமே கூடாரத்து வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் இருந்தன. என்ன ஒழுங்கு என்று நானே மெச்சி, என் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கடைசியில் வைத்தேன். நம் தெருவில் குடத்துக்குப் பதில் செங்கல் வைத்து இடம் பிடிப்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கே உறைக்கவில்லை.

விடியும்போது ஹாரன் அடித்தது. கனவிலா நிஜத்திலா என்று யாருக்கும் தெரியவில்லை. தண்டையார்ப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எல்லாப் பிள்ளைகளும் கண்ணைத் திறக்காமலே எழுந்து ஓடி, அவரவர் செருப்பில் போய் நின்றார்கள். கையில் வாளி, சமையல் அண்டா, டிபன் டப்பா, மக்கு. பத்தாவது படிக்கிற அனிஷா, என் செருப்புதான் முன்னே என்று தூக்கத்திலேயே சண்டை போட்டாள். நான் மட்டும் யோக்கியமா, இருபத்திரண்டு வருடப் பழக்கம், நேரே போய் டியூபைப் பிடித்துவிட்டேன். தள்ளாதே, அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று நான் சத்தம் போட, டிராக்டர் ஓட்டி வந்த பெரியவர் ஏதோ அரசாங்க ஆள் என்று ஒதுங்கி நின்றார். டேங்க் காலியாகி டியூப் வெறும் காற்று விட்டபோதுதான் எல்லோருக்கும் முழிப்பு வந்தது. எதிரே ஐந்து பெண்கள் வெறும் குடத்தோடு நிற்கிறார்கள். பின்னால் இரண்டு ஒட்டகம்.

அவர்கள் திட்டவில்லை மச்சான். நம் தெருவாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள், அது எவ்வளவோ மேல். சும்மா பார்த்தார்கள். அடுத்த டேங்க் இரண்டு நாள் கழித்துத்தான். எனக்கு டியூபைக் கீழே போடவும் தெரியவில்லை.

அந்தப் பச்சைத் துப்பட்டா பெண்தான் முதலில் நகர்ந்தாள். தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கடைசியில் நின்ற கிழவியின் குடத்தில், ஒரு சொட்டு மணலுக்குக் கொடுக்காமல் ஊற்றினாள். அப்புறம் மற்ற பிள்ளைகள், வந்த அதே வரிசையில், கடைசி ஆளிலிருந்து தொடங்கித் திருப்பி ஊற்ற ஆரம்பித்தார்கள். அண்டாத் தண்ணி ஒட்டகத்துக்குப் போனது. யாருக்கும் யார் பாஷையும் தெரியாது, ஆனால் வாளி பிடிக்கிற கையைப் பார்த்தே அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, இது நம்ம ஜாதி, தண்ணிக்கு நிற்கிற ஜாதி என்று. ஒரு அம்மாள் சிரித்தாள், பிறகு எல்லோரும். கம்பு ரொட்டி கொடுத்தார்கள். வெயில் மெல்லத் தொட ஆரம்பித்த மணலில் அந்தப் பெண்கள் குடத்தோடு மேடேறிப் போனது, நடப்பது மாதிரியே இல்லை, யாரோ அவர்களை வானத்துப் பக்கமாக மெதுவாக இழுத்துப் போவது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

"எங்கத்தா இத்தப் பாத்திருக்கணும் மாமு."

இவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஒட்டகம் யாரையும் கடிக்கவில்லை. நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை என்று தெளிவாகிவிட்டது அல்லவா, கையெழுத்தைப் போட்டு நவ்ரீனை அனுப்புங்கள்.

உங்கள் கடையில் ஒரு டயரும் வெறும் வயிற்றோடு திரும்பாமல் இருக்கவும், உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கின இடத்திலேயே இருக்கவும் துஆ செய்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
காஜா மொய்தீன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ரூஹி படித்துவிட்டு, அத்தா பொய் சொல்லாதே என்கிறாள். அந்தப் பச்சைத் துப்பட்டா, போன பெருநாளைக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்ததுதான். பிள்ளை எங்கள் மொட்டைமாடியில் கறுக்கவில்லை. படிவத்தில் இருப்பதும் போன டிசம்பர் தேதிதான். நீங்கள் லாரி டயரோடு வெளியூர் போயிருக்கிறீர்கள், வந்ததும் கையெழுத்துப் போடுவீர்கள் என்று டீச்சரை நான்தான் நம்ப வைத்தேன், அவர் மேலும் நவ்ரீன் மேலும் கோபப்பட வேண்டாம், எல்லாத் திட்டும் எனக்கே. சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைக் கண்காட்சியில் வைக்கிறார்கள், தகப்பன் கையெழுத்து இல்லாத பிள்ளையின் நோட்டு மேஜைக்கு வராதாம். நவ்ரீன் தன் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரு வெறுங்கால், ஒரு செருப்புத் தடம் வரைந்து வைத்திருக்கிறாள். நேரில் வந்து பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டாலும் போடுங்கள். கூட்டமாக இருக்கும். வாசலில் உங்களுக்கு இடம் பிடித்து என் ஒற்றைச் செருப்பைப் போட்டு வைக்கிறேன்.