சலவைக்கடைக்காரி சைக்கிள் ஏறிய விவகாரம்

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம். உன் அக்காவும் நலம்தான். ஆனால் அதை உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். எனவே சென்ற வரியைப் படிக்காதது போல் கடந்து வரவும். நீயும் உன் அலுவலகத்தின் மற்ற இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை அவ்வப்போது நிமிர்த்தி நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும், பொறுத்துக்கொள். நீ செய்த சலவைக்கடைக் கணினி விளையாட்டின் முதல் பாகத்தில் ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் துணி துவைத்து, மடித்து, துணியில் போட்ட சலவைக் குறியைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாகத்தில் அதே பெண்மணி கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறி ஊர் ஊராகப் பறக்கிறாள். மடிப்பதற்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் கொதித்துப்போய் நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் எழுதிவிட்டார்கள். பழையபடி மாற்றுவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும், படித்துப் படித்து மண்டை காய்ந்துவிட்டது, எந்தப் பக்கமும் சேராத ஆள் நீங்கள்தான் என்று சொல்லி அத்தனை புகாரையும் என் கடைக் கணினிக்கு அனுப்பினாய். உங்கள் அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் கொடுத்தாய். கொடுத்திருக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடி விற்பவனுக்குப் புகார் புதிதல்ல. ஆனாலும் விளையாடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று, திங்கட்கிழமை காலை கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சைக்கிளில் ஏறினேன். பதினேழு முறை வாய்க்காலில் விழுந்தேன். பதினெட்டாவது முறை பாலத்து வளைவில் திரும்பும்போது ஆர்வத்தில் நானும் இடப்பக்கம் சாய்ந்தேன். என் நாற்காலிக்குச் சக்கரம் இருப்பது பிரேம் அலமாரியில் போய் முட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. குழந்தைகள் பிரேம் இரண்டு டஜன் தலையில் கொட்டின. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு வாடிக்கையாளர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். "வளைவுல பிரேக் பிடிக்கக் கூடாது சார். அதுக்கு முன்னாடியே பிடிச்சிருக்கணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் வந்தது தன் புதுக் கண்ணாடியைப் பற்றிச் சண்டை போட. "பவரை மாத்தித் தொலைச்சிட்டீங்க. படிக்கவே முடியலை. பழைய பவரையே போட்டுக் குடுங்க" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று பரிசோதனை அறையில் உட்கார வைத்து, "மேலேருந்து படிங்க" என்றேன். அந்த அறைத் திரையும் என் கணினியும் ஒன்றோடு ஒன்று இணைந்தவை என்பதும், கணினியில் உன் புகார்க் கோப்பு திறந்திருந்தது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லென்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கணீரென்று படித்தார்: "இது பச்சைத் துரோகம். எங்கள் கடையை எங்களிடமே திருப்பிக் கொடு. மடிக்கத்தான் காசு கொடுத்தேன், மிதிக்க அல்ல." அவர் சிறிது யோசித்து, "மூணாவது வரி வரைக்கும் தெளிவா இருக்கு, நியாயமாவும் இருக்கு. நாலாவது வரி கலங்குது. எழுத்து சின்னதா, இல்ல கோவத்துல எழுதினதா?" என்றார்.

அவர் பவரில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியின் இடக் கை வளைந்து, மூக்கில் ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது. நிமிர்த்திக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்து, "இப்ப சரியாயிடுச்சு. பழைய பவர்தானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் கேட்ட மருந்து தவறு. ஆனால் உறுத்தியது உண்மை. அவர் சொன்னபடி பவரை மாற்றியிருந்தாலும் கெட்டிருக்கும், காதில் வாங்காமல் அனுப்பியிருந்தாலும் கெட்டிருக்கும். அப்படியானால் உன்னுடைய நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு உறுத்துவது எது? இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது போலிருந்தது.

எனவே 'மிதிக்க அல்ல' என்று எழுதியவருக்கு மட்டும், உங்கள் அலுவலக மின்னஞ்சலிலிருந்து, "ஐயா, உங்களுக்கு எந்த இடத்தில் உறுத்துகிறது?" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன். அது நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று கேட்காதே, எனக்கே தெரியாது. போதாக்குறைக்குக் கைப்பழக்கத்தில், "மூக்கில் சரியாக உட்காரும்வரை தங்கள் சேவையில்" என்று கடைக் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்கள் கொட்டின. அதில் ஒருவர், "மூன்றாம் பாகம் கண்ணாடிக்கடையா? அதையாவது கடைசிவரை கடையாகவே வைத்திருங்கள்" என்று கேட்டிருக்கிறார். வதந்தி பரவியிருந்தால் அதற்கு நானே பொறுப்பு.

ஆனால் தம்பி, பதில்களைப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. முதல் பாகத்தில் யாரும் வாங்க வராத ஒரு கோட்டுச் சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தாயே, அது யாருடையது, அவளே போய் உரியவரைத் தேடக் கூடாதா என்று அப்போது உன்னை நச்சரித்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர்களில் அறுபத்து மூன்று பேர் இப்போது திட்டுகிறவர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத்தானே நீ அவளைச் சைக்கிளில் ஏற்றினாய். அறுபத்து மூவரில் ஒருவரிடம் தனியாக விசாரித்தேன். "கேட்டது உண்மைதான். கேட்டா செஞ்சிருவீங்கன்னு நினைக்கலை" என்று பதில் வந்தது. ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: "சைக்கிள் நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்டுல நாள் முழுக்க ஓடிட்டு வர்றேன். வந்து இருபது சட்டை மடிச்சாத்தான் மனசு அடங்கும். இப்ப வீட்டுக்கு வந்தும் ஓட வேண்டியிருக்கு." இதைப் பழைய பவர் கேட்கிற புகார் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்த பதிலில் பெயர் இல்லை. "நாலு செகண்டு. அவ்வளவுதான்" என்று மட்டும் இருந்தது. உலகத்தில் எதைச் சொன்னாலும் அவ்வளவுதான் என்று முடிக்கிற ஒருத்தியோடு நான் இருபத்தொன்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். வீட்டுக்குப் போனேன். உன் அக்கா போனும் கையுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு செகண்டுன்னா என்ன?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "நான் இருபத்திரண்டு வருஷம் நடத்தின சலவைக்கடை. முதல் காட்சியில நாலு செகண்டுல பூட்டிட்டு ஏறிப் போறா. திரும்பிக்கூடப் பாக்கலை."

"அது உன் கடை இல்லையே, விளையாட்டுதானே."

"என் இஸ்திரி மேசைக்கு அடியில உக்காந்துதான் அவன் படிச்சான். அந்த மேசையோட உடைஞ்ச கால் வரைக்கும் வரைஞ்சிருக்கான். யார் கடைங்கறீங்க?"

அதோடு நிற்கவில்லை. இரண்டு மாதம் முன்பு இரண்டாம் பாகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒரு குறிப்பு எழுதினாளாம். அதற்கு நீ, எழுதியது யார் என்று தெரியாமல், 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் போட்டிருக்கிறாய். "சோறு ஊட்டினவளுக்கு மேலான கருத்துக்கு நன்றியாம்" என்றாள். அக்கா ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாயே, இதுதான் காரணம். மணிக்கட்டு வலியால் கடையை மூடிய பிறகு, வலிக்காமல் மடிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் உன் முதல் பாகம்தான் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே என் முடிவு இது. சைக்கிளை எடுக்காதே, ஆனால் போகிற ஒவ்வொரு ஊரிலும் அவள் இறங்கி நான்கு துணி மடிக்க ஓர் இடம் வை. கடையைப் பூட்டுகிற காட்சியை நீட்டு. அவள் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கட்டும். கேட்கிறவர்களுக்குக் காது கொடு. மருந்துச் சீட்டை மட்டும் நீயே எழுது. உன் கையும் கண்ணும் நீடூழி நன்றாக இருக்கட்டும். உடன் வேலை செய்யும் இருவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மேலே எழுதிய யோசனை எதையும் கேட்க வேண்டாம் என்கிறாள். "கடையை மூடின அன்னிக்கு நானும் திரும்பிப் பாக்கலை. பாத்திருந்தா பூட்டியிருக்கவே மாட்டேன். அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். என் கோவம் அந்த நன்றி மேலதான்" என்றாள். இத்தனை நாளும் ரகசியமாக ஓட்டி, ஐந்தாவது ஊர்வரை போயிருக்கிறாள். மடிக்கிற இடம் வேண்டாமா என்றேன். "எனக்கு வேணாம். அந்த நர்ஸுக்கு வைக்கச் சொல்லுங்க" என்றாள். நானா, உன் அக்காவா, இரண்டு பேரில் நீ யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்தே கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வாள். வழி கேட்கத்தான் என்பாள். எடு.