நூறு எம்.பி. இடமும் அப்படியே அண்ணனும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, அப்படியே அண்ணன். அப்பா இல்லை. கீழ் டிவிஷன் பாதையில் யானை நின்றதால் ஃபேக்டரியிலேயே தங்கிவிட்டார். கரண்டும் இல்லை. அது பத்தரைக்குத்தான் வந்தது. ஆனால் அப்படியே அண்ணன் இருந்தார், அது போதும். சேரம்பாடியில் மட்டுமல்ல, நீலகிரி மாவட்டத்திலேயே எதையும் விட்டுவிட்டு வரத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான்.

தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுபவர். லீவு நாளில் போன், லேப்டாப் பழுதுபார்ப்பார். எதைக் கொடுத்தாலும் "அப்படியே கொண்டாந்துரலாம் தம்பி" என்பார். அதுவே பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர், தினமும் வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்தது.

மேல் லைனிலிருந்து கீழ் லைனுக்கு வீடு மாறியபோது, கட்டில் கால்கள் நின்ற இடத்தை நூல் பிடித்து அளந்து, புது வீட்டிலும் அதே அளவில் போட்டார். புது வீட்டுக்கு வாசல் வேறு பக்கம். கட்டில் சரியாக வாசலை மறித்து நின்றது. ஆறு மாதம் அந்தக் குடும்பம் கட்டில் மேல் ஏறி இறங்கித்தான் வீட்டுக்குள் போனது. "கட்டில நகத்துங்களேன்" என்று அவர் மனைவி கெஞ்சினால், "பழைய ஊட்டுக் காம்பராவுல அங்கதானே இருந்துச்சு?" என்பார்.

புது போன் வாங்கியபோது பழைய போனிலிருந்த பதினோராயிரம் 'குட் மார்னிங்' படங்களையும் ஏற்றினார். எதற்கு என்று கேட்டேன். "அனுப்புனவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் லேப்டாப் போய்ச் சேர்ந்தது. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. லைனில் அது ஒன்றுதான் என்பதால் ஊர் ஜாதகம் முழுக்க அதில் இருந்தது: ரேஷன் கார்டுகள், சாதிச் சான்றிதழ்கள், மூன்று கல்யாண வீடியோக்கள். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கோயமுத்தூர் கம்பெனி ஒன்றின் வேலைக்கு ஆன்லைன் தேர்வு. போனில் எழுத முடியாது. மாதிரித் தேர்வில் மூன்றாவது கேள்வியிலேயே லேப்டாப் இரண்டு முறை உறைந்துபோனது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கொழுந்து எடைக் கொட்டகையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அம்மா தேர்வைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். இனி தோற்கவும் வழியில்லை.

அண்ணன் லேப்டாப்பைக் காதோரம் வைத்துக் கேட்டார். "ஹார்ட் டிஸ்க்கு களைச்சுப் போச்சு தம்பி. உள்ள தட்டு சுத்துது. எஸ்.எஸ்.டி.ன்னு புது டிரைவு போட்டா சுத்துற வேலையே கெடையாது."

கூடலூர் போய் 240 ஜி.பி. டிரைவும், நகல் எடுக்க அதை வெளியிலிருந்து செருகும் கேபிளும் வாங்கி வந்தோம். வீட்டில் மாட்டிப் பார்த்தால் 223 என்று காட்டியது.

"மிச்சம் வழியில கொட்டிப்போச்சா?" என்றார் அம்மா.

"இல்லக்கா. கடைக்காரன் கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேற."

"ஓ, நம்ம கொழுந்து எடை மாதிரி. சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சுக்கிறாங்க."

பழைய டிஸ்க்கில் இருந்ததோ கிட்டத்தட்ட அதே அளவு. விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடலாமா என்றேன். அம்மாவை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டதுபோல அண்ணன் என்னைப் பார்த்தார். சரி, ரீசைக்கிள் பின்னையாவது காலி செய்யலாமா?

"அதுவும் உங்க ஊட்டுக் குப்பைதானே? யாரைக் கேட்டு எறியுறது?"

கடைசியில் எல்லாம் அடங்கியது. ஒன்றே ஒன்று மட்டும் வெளியே நின்றது. டிஸ்க்கின் ஓரத்தில் நூறு எம்.பி.க்கு ஒரு சின்னப் பகுதி. சி, டி என்று எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை.

"இது என்ன தம்பி?"

"பேரே இல்லையேண்ணே. செக்ரோல்ல இல்லாத ஆள் மாதிரி. விடுங்க." பட்டதாரியின் குரலில் சொன்னேன். அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றை விட்டார்.

இரண்டு மணி நேரம் நகல் ஓடியது. புது டிரைவை உள்ளே பொருத்தி, திருகாணி முடுக்கி, பட்டனை அழுத்தினோம். கறுப்புத் திரை. துவங்குவதற்கு எதுவுமே இல்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

"வெளக்கு எரியுது, ஊட்டுல ஆள் இல்லையாட்டம் இருக்கே" என்றார் அம்மா.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "விட்டமே ஒன்னு, அதுதான் தம்பி வாசச் சாவி! விண்டோஸ் எங்க இருக்குன்னு மெஷினுக்குக் காட்டுறதே அதுதான். சிலோன்லேர்ந்து எங்க சனத்த இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புனப்ப, கப்பல் ஏறுறப்ப நான் நாப்பது நாள் புள்ள. பேப்பர்ல எனக்கும் பேரு கெடையாது, 'ஆண் குழந்தை'ன்னுதான் இருந்துச்சு. பேரில்லன்னு என்னய அங்கயே விட்டுட்டா வந்தாங்க?"

பட்டதாரி திருப்புளியை எடுத்துக் கொடுத்தான்.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். நூறு எம்.பி.க்கு இடம் வேண்டும். அடுத்தவர் பொருளில் கை வைக்கமாட்டார். அவருடைய பொருள் என்று அதில் இருந்தது ஒரு ஃபோல்டர்: அவர் பாடி எடுத்த கரோக்கி வீடியோக்கள், நூற்றுப் பன்னிரண்டு. அவர் போனுக்கு மாற்றலாம் என்றால், அதில் குட் மார்னிங் குடியிருந்தது. என் போன் அதைவிடச் சின்னது. ஒரு பாட்டு போயாக வேண்டும்.

எது என்று முடிவு செய்ய ஒவ்வொன்றின் பல்லவியையும் போட்டார். அம்மா மூன்றாவது பல்லவியில் விறகு பொறுக்கப் போய்விட்டார். யானை இருக்கும் என்று கத்தினேன். "பரவால்ல" என்று பதில் வந்தது. எழுபதாவது பாட்டில் எனக்குத் தேர்வே மறந்துபோனது. எண்பத்தொன்றாவது மட்டும், சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அண்ணன் அதை முழுதும் கேட்டார். பிறகு அதையே அழித்தார்.

"அண்ணே! இருக்கிறதுலயே நல்லது அது ஒன்னுதானே?"

"அதான் தம்பி. நல்லா பாடுனத மறுபடி பாடிக்கலாம். கேவலமா பாடுனது அப்படியே திரும்ப வருமா?"

மறுபடி நகல் எடுத்தோம். இந்த முறை பெயரில்லாத அந்தப் பகுதியைத்தான் முதலில் ஏற்றினார். சாயங்காலம் பட்டனை அழுத்தினோம். பன்னிரண்டு நொடியில் திரை வந்து நின்றது. நான் துள்ளினேன். அவர் முகம் சுருங்கியது. "என்ன தம்பி, டீ குடிக்கக்கூட நேரம் குடுக்கல?" பிறகு ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். கல்யாணங்கள் இருந்தன. குப்பை இருந்தது. இரண்டு வருடமாக என்னைத் தொல்லை செய்த விளம்பரப் பெட்டிகூட வந்து குதித்தது. "அப்படியே இருக்கு" என்று அப்போதுதான் சிரித்தார்.

தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, இப்போது கோயமுத்தூரில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுகிறார். "அன்னைக்கு வந்தாப்ல வரலியே தம்பி" என்று பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குகிறார். அவர் முடிக்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை. அன்று எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: டிரைவ் ஆயிரத்து எழுநூறு ரூபாய், கேபிள் முந்நூற்றைம்பது, கூலி அவர் வாங்கவில்லை, நல்ல பாட்டு ஒன்று.