பின்மூளைப் பெட்டியைக் காப்பாற்றிய விவரம்

சுவா,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய பேராசிரியர் அனுஷியா துரைசிங்கம் அம்மா அவர்களுக்கு,

தங்கள் மாணவி லோகேஸ்வரியின் தகப்பன், செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற நல்லசாமி, பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் ஆய்வுக்கூடத்துத் தவளைகளும் சுகமென்று நம்புகிறேன்.

லோகேஸ்வரி டிங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருப்பது தாங்கள் அறிந்ததே. பிளேட்லெட் ஏறிக்கொண்டிருக்கிறது, பயமில்லை. நான் எழுதுவது அவளுடைய தவளைக் கருக்களைப் பற்றி. தங்கள் ஆய்வுக்கூட ஐஸ்பெட்டி பழுதென்று, இரண்டு வருட உழைப்பை ஒரு வெள்ளைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வைத்தாள். "அப்பா, யாரும் திறக்கக்கூடாது, குளிரும் குறையக்கூடாது" என்றாள். உள்ளே என்னம்மா என்று கேட்டேன். தவளைக் கரு தலைப்பிரட்டை ஆகுறதுக்கு முன்னாலேயே அதோட பின்மூளை ஏழெட்டு அறையாப் பிரியுமாம், நம்ம லயத்து வீடு மாதிரி வரிசையா. ஒரு மரபணு மூணாவது அறையிலயும் அஞ்சாவது அறையிலயும் மட்டும் வேலை செய்யுமாம், சாயம் போட்டா அந்த ரெண்டு இடம் மட்டும் ஊதாவாத் தெரியுமாம். "நாலாவது வீட்டுக்காரன் ஏன் சும்மா இருக்கான்?" என்றேன். "அதைத்தான்பா ரெண்டு வருஷமா தேடுறேன்" என்றாள். அப்போதே எனக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

நேற்றுக் காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சு. என் மனைவி வள்ளியம்மா மகளோடு ஆஸ்பத்திரியில். நான் யோசிக்கவே இல்ல லா, இருட்டா இருந்த ஐஸ்பெட்டிக்குள்ள கையை விட்டேன், வெள்ளைப் பெட்டியை எடுத்துத் துண்டில் சுத்தினேன், வெயில் படக்கூடாதுன்னு என் ஹெல்மெட்டை அது மேல கவுத்து மோட்டார் சைக்கிளில் கட்டி, சி ரூசாவில் ஐஸ்கிரீம் விக்கிற தர்மேந்திரன்கிட்ட பறந்தேன். வழியில போலீஸ் நிறுத்தி ஹெல்மெட் எங்கேன்னார். "மூளைக்குத்தான் போட்டிருக்கேன் துவான்" என்று பெட்டியைக் காட்டி மலாயில் தெளிவாகச் சொன்னேன். சம்மன் எழுதிக் கொடுத்தார்.

தர்மேந்திரன், "என்ன மாமா, மீனா?" என்றான். "மூளை" என்றேன். "யாரோடது?" என்று இரண்டடி பின்னால் போனான். தவளையோடது, அதுவும் பின்பக்கம் மட்டும்தான் என்று விளக்கிய பிறகு தன் ஐஸ்பெட்டியில் சாக்லேட் ஐஸ்கிரீமைத் தள்ளி இடம் கொடுத்தான். குளிர் போகக்கூடாதே, நாலு மணி நேரம் அந்த மூடி மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது; என்னோடு பேச்சும் நின்றுவிட்டது. இனி எங்கள் வீட்டுக் கரண்டை நம்புவதில்லை என்று பெட்டியை அங்கேயே விட்டு, இன்று காலை மைத்துனர் சத்தியசீலன் காரில் ஐஸ்கட்டியோடு தங்களிடம் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

ஆகையால் ஆய்வைப் பற்றித் துளியும் கவலை வேண்டாம். ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் வருமாறு மகளிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தங்கள் தவளைகள் முட்டையிட்டுப் பெருகவும், தாங்கள் நீண்ட ஆயுளோடு விளங்கவும் வேண்டும்,
நல்லசாமி

பி.கு.: வள்ளியம்மா இப்போதுதான் வந்து ஐஸ்பெட்டியைத் திறந்தாள். மகளுடைய பெட்டி மேல்தட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. கரண்ட் நேற்றுப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டதாம். தங்களிடம் வந்துகொண்டிருப்பது வள்ளியம்மா இன்னொரு வெள்ளைப் பெட்டியில் செய்து வைத்திருந்த நெத்திலிச் சம்பல். காரம் கொஞ்சம் தூக்கல், பார்த்துச் சாப்பிடவும்.