பன்னிரண்டு முட்டையும் ஒரு டவரும்

இருபத்திரண்டாம் நாளும் முட்டைக்குள்ளிருந்து சத்தமில்லை. நடேசன் அடைக்கூடையில் காதை வைத்துக் கேட்டார். கோழி அந்தக் காதைக் கொத்தியது.

"நேத்தே பொரிஞ்சிருக்கணும். இன்னாயா ஆச்சு?" என்றாள் மனைவி ராமாயி. இந்தக் குஞ்சுகளை வளர்த்துத்தான் தை மாதம் பேத்தி காதுகுத்துக்குக் குழம்பு வைப்பதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"எல்லாம் டவரு பண்ற வேலைடி."

மூன்று மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டு அருள்தாஸின் மாடியில் செல்போன் டவர் முளைத்தது. அதன் அலை உயிரணுவைப் பொசுக்கிவிடும் என்று நடேசன் வாட்ஸ்அப்பில் படித்தார். பாதி படித்ததையும் முழுதாக நம்புகிறவர். அன்றே கோழியைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அடித்துவிட்டார். இரை, தண்ணீர், முட்டை எல்லாம் உள்ளேயே. அருள்தாஸின் சேவல் கூண்டைச் சுற்றி வந்தால்கூட, "அலைய ஒட்டிக்கினு வருது பாரு" என்று கல்லெடுப்பார்.

அப்படியும் அலை புகுந்துவிட்டதே. இடிக்கு முட்டை கெடாமலிருக்க அடைக்கூடையில் ஓர் இரும்பாணி போடுவது ஊர் வழக்கம். இடிக்கே ஓர் ஆணி என்றால் டவருக்கு எத்தனை? அரைக் கிலோ ஆணியும் ஓர் அரிவாளும் வைத்தார். குத்தல் தாங்காமல் கோழி எழுந்து நின்றது.

ஆணியை எடுத்துவிட்டு, வைக்கோலுக்கடியில் பிரியாணி பார்சல் சுற்றிவந்த அலுமினியத் தாளை விரித்தார். சரசரவென்ற சத்தத்தில் கோழி மிரண்டு மூலையில் ஒண்டியது. முட்டைகள் சில்லிட ஆரம்பித்தன. பல்பு போடலாமென்றால் கரண்டிலும் அலை. கடைசியில் பன்னிரண்டையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார்.

"எயுந்து வந்து சோறு துன்னுயா."

"எப்பிடிடி எயுந்துக்கறது? மடியில பன்னெண்டு உசுரு இருக்குது."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது.

பாகூர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஆட்டுக்கு ஊசி போட வந்த ஸ்டெல்லா, ஒரு முட்டையை வாங்கி, உள்ளே குஞ்சு தெரிகிறதா என்று செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போன கிட்ட கொண்டாராதம்மா, செத்துடும்."

ஸ்டெல்லா முட்டையைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். மதில்மேல் நின்ற சேவலைப் பார்த்தாள்.

"டவரு அலைய நல்லாத்தான் தடுத்துகிறீங்க பெரியப்பா. மூணு மாசமா சேவலையும் சேத்துத் தடுத்தா, முட்டைக்குள்ள குஞ்சு எங்கேர்ந்து வரும்?"