நாலாளு

அறைக்குள் காலை வைக்குமுன் தலைகளை எண்ணிப் பார்க்கிற கல்லூரி மாணவி இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நாலாளு. அச்சங்குளத்துக்காரி.

நான் சிவகாசி. அத்தாவுக்குக் காலண்டர் வியாபாரம். "டெய்லி பஸ்ல அலைஞ்சா என்னத்தப் படிப்ப?" என்று சொல்லி, கடைசி நேரத்தில் என்னைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டார். நாலு கட்டில் போட்ட அறையில் ஐந்தாவதாக என் பெட்டியை வைத்தேன். உடனே மூலைக் கட்டிலில் இருந்த ஒருத்தி எழுந்தாள், பாயைச் சுருட்டினாள், வராண்டாவுக்குப் போய்விட்டாள். வந்த அன்றைக்கே இப்படியொரு வரவேற்பா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, அவள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று. மெஸ்ஸில் நாலு பேர் உட்கார்ந்த மேஜைக்கு வரமாட்டாள், தட்டோடு நின்றே சாப்பிடுவாள். வகுப்பில் அறுபது பேர். அவள் வாசலை ஒட்டிய பெஞ்சில், ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே. "உள்ள வர்றியா, வெளிய போறியா?" என்று கேட்ட பேராசிரியர், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

சீனியர் அக்காக்கள் எங்களை மிரட்டிப் பாட வைக்க வந்த சாயங்காலம்தான் உச்சம். அவர்கள் நாலு பேர், நாங்கள் அறைக்குள் நாலு பேர். வராண்டாவில் இருந்த நாலாளு குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, அம்புட்டுப் பேரும் ஒரே ரூமுல இருக்கக் கூடாதுக்கா. நாங்க வெளிய வந்துருதோம். நீங்க நாலு பேரும் உள்ள போய் உக்காருங்க."

என்ன மாயமோ, அவர்களும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் வராண்டாவில். ஜன்னல் வழியாக நாலாளு கேட்டாள்: "இப்பச் சொல்லுங்க. எந்த ஊரு? சாப்பிட்டீகளா?" அக்காக்கள் வரிசையாகப் பதில் சொன்னார்கள். நாலாவது அக்கா பதில் சொல்லி முடித்த பிறகுதான், யார் யாரைக் கேள்வி கேட்க வந்தோம் என்று அவர்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

அன்றைக்குச் சிரித்து ஓய்ந்ததும், அவள் பாயில் போய் உட்கார்ந்தேன். "நான் வந்தது உனக்குப் பிடிக்கலயா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஏ புள்ள, என்ன இப்படிக் கேட்டுட்ட?" என்று பதறிப்போனாள். "பட்டாசுக் கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு ஆளுதான்னு சட்டம். ஒருக்கா சீசன்ல ஆர்டர் அவசரம்னு எங்கம்மாவ அஞ்சாவதா உக்கார வச்சுட்டாக. செக்கிங் வருதுன்னு யாரோ சொல்லவும், அம்மாவ மட்டும் எந்திரிச்சு வேப்பமரத்துப் பக்கம் போகச் சொல்லியிருக்காக. மரத்தடிக்குப் போகவும் டமார்னு வெடிச்சிருச்சு. திரும்பிப் பாத்தா, அங்கன ரூமே இல்ல." பாயின் நுனியை மடித்து விரித்தாள். "அஞ்சாவது ஆளு வந்தா, என் காலு தானா வெளிய போயிருது."

"அஞ்சாவது நான்தானே? என்னைய வெளிய போகச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ புதுசா வந்த புள்ள. உன்னய எப்படிச் சொல்ல?"

அவள் எப்படியாவது ஒரு டிகிரி வாங்கிவிட வேண்டும், பட்டாசுக் கம்பெனி வேனில் காலை வைக்கவே கூடாது என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை என்றும் சொன்னாள். எனக்கு வேறு அறை கேட்டு வார்டனிடம் நடையாய் நடந்தேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை வராண்டாவில் பாயைப் பார்த்தவர் வெடித்தார்.

"இதென்ன சத்திரமா? உள்ள படு. இல்லன்னா மூட்டையக் கட்டு!"

அவளும் உள்ளே வந்து படுத்துத்தான் பார்த்தாள். விடியும்போது நிலைப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்துருதேன்" என்று சிரித்தபடியே பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்து அறையில் கட்டில் கிடைத்தது. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். மூலைக் கட்டிலைத் துடைத்து, அவள் பாயையும் விரித்து வைத்தேன். திங்கள் வந்தது, செவ்வாயும் வந்தது. அவள் வரவில்லை. போன் போட்டால் அவள் அம்மா எடுத்தார்.

"எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன் தாயி. கேக்கல. நேத்தே எங்கூட வேன்ல ஏறிருச்சு. ரெண்டு பேரும் ஒரே ரூமுதான். இங்கன நாலு ஆளுதானம்மா, நிம்மதியா இருக்குங்குது."

அந்தக் கட்டில் இரண்டு நாள் முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா?

இப்போதெல்லாம் நானும் தோழிகளுமாக நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்துக்கு ஐந்தாவதாக யாராவது வந்தால், நான் எழுந்து வாசல் பக்கம் போய் நிற்கிறேன். "எங்கடி போற?" என்கிறார்கள். "சும்மா, காத்தாட" என்கிறேன். நாலாளு அன்றைக்கு எனக்கு விட்ட இடத்தை இப்போது நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.