பின்னறையில் எத்தனை பேர் தூங்கலாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் தூங்கலாம்? எனக்குப் பதில் தெரியவில்லை. நலம் விசாரிக்காமல் இப்படி ஆரம்பிப்பதற்கு மன்னியுங்கள். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் இரத்த அழுத்தம் உங்கள் குரலைவிடத் தாழ்வாக இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது கட்டாயமாகிவிட்ட விடுமுறை வாடகை உரிமம் இந்த மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் ஏரிக்கரை வீட்டை விற்றுவிடலாம் என்று நாம் பேசி முடித்தோம். பேசியது நீங்கள், முடித்தது அண்ணி, தலையாட்டியது நான். ஏன் தலையாட்டினேன் என்று அப்போது சொல்லவில்லை. படிவம்தானே, நிரப்பிக் கொடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். முப்பது வருடம் புள்ளிவிவரத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு படிவம் என்ன பெரிய காரியம்? நாற்பத்தொரு கேள்விகள். ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டேன். "ஒரே நேரத்தில் உறங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை." கட்டிலை எண்ணி எழுதினால் போதும் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. கட்டிலில் படுப்பவர்கள் மட்டும் தூங்குகிற வீடா அது?

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னறைக்குள் போனால் ஏரியின் வெளிச்சம் கூரையில் ஏறியிருக்கும். அது சும்மா இருக்காது, யாரோ மெல்லிய துணியை அலசுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி உட்காருவோம், பிறகு சாய்வோம், பிறகு படுத்திருப்போம், எப்போது படுத்தோம் என்பது நினைவிருக்காது. சுவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்ளும். நேரம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நடக்கும். இரண்டு வருடமாக, அதாவது நீங்கள் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்ததிலிருந்து, அந்த அறைக்கு இந்த வரம். முதலில் நான் நம்பவில்லை. விருந்தினர் குறிப்பேட்டை எடுத்துவைத்துக் கணக்கிட்டேன். வந்து தங்கியவர்கள் முப்பத்தொரு குழுவினர். அதில் இருபத்தொன்பது குழுவினர் வாழ்நாளில் இப்படித் தூங்கியதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் கண்ட கனவை எழுதியிருக்கிறார்கள். இருபத்திரண்டு பேர் கிளம்பும்போது லேசான தலைவலி இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நல்ல இடத்தைப் பிரிகிற துக்கம் தலையில்தான் உட்காரும் என்று நான் முடிவுக்கு வந்து, விளம்பரத்தில் "தூக்கம் வராதவர்கள் வருக" என்று ஒரு வரி சேர்த்தேன். நான் விளம்பரம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியை மனமறிந்து எழுதினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பாதுகாப்பு அதிகாரி போன வாரம் முதல் தடவை வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு நாடா, நாற்காலி கொடுத்தால் அதன் காலை ஆட்டிப் பார்ப்பாரே தவிர உட்காரமாட்டார். நின்றபடியே எழுதுவார். பின்னறைச் சன்னலுக்குப் பூட்டு வேண்டும், குழந்தைகள் எட்டிப் பார்த்து ஏரியில் விழுந்துவிடக் கூடாது என்றார். நியாயம்தானே என்று தச்சரைக் கூப்பிட்டேன். அவர் பூட்டும் போட்டு, காற்று நுழைகிற இடுக்கில் ரப்பர் பட்டையும் அடித்து, மேலே வார்னிஷும் பூசிவிட்டுப் போனார். இப்போது சன்னல் குழந்தைக்கும் திறக்காது, கடவுளுக்கும் திறக்காது. அடுத்தது புகை அலாரம். அது அடித்தால் தூங்குகிறவர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து வாசலுக்கு வர வேண்டுமாம். சோதனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. உங்கள் மாப்பிள்ளை வெந்நீரில் நன்றாகக் குளித்துவிட்டு, தூங்குவதுபோல நடிக்கிறேன் என்று போய்ப் படுத்தார். அலாரம் அடித்தது. ஏரியில் இருந்த நாரைகள் எழுந்தன, எதிர்க்கரையில் ஒருவர் படகைத் திருப்பினார், இவர் எழவில்லை. நான்கு நிமிடம் கழித்து, வீட்டைப் பார்த்துக்கொள்கிறாளே, நாம் கமாண்டர் என்று கூப்பிடுகிறோமே, அவள் போய் உலுக்கினாள். "நடிக்கத்தானே சொன்னீங்க, நல்லாத்தானே நடிச்சேன்" என்று இவர் அவளையே கோபித்துக்கொண்டார். அதிகாரி அலாரம் சரி என்றும், ஆள் சரியில்லை என்றும் எழுதிக்கொண்டார்.

இன்று இரண்டாவது தடவை வந்தார். இதுதான் கடைசி வருகை, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தீயணைப்பான் பார்த்தார், படிக்கட்டுக் கைப்பிடி பார்த்தார், மின்கம்பியை மோந்துகூடப் பார்த்தார். பிறகு குழாயில் வருகிற வெந்நீர் கையைச் சுடுமா என்று அளக்க வேண்டும், இருபது நிமிடமாவது ஓட வேண்டும் என்று மூன்று குழாய்களையும் திறந்துவிடச் சொன்னார். கமாண்டர் திறந்துவிட்டு, "ஐயா, தண்ணி அளக்குற நேரத்துல சும்மா நிக்காம அந்த ரூமையும் பாத்துடுங்க, மறுபடி அலையவேண்டாம்" என்று பின்னறைக் கதவைக் காட்டினாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிவத்தை எழுத ஆரம்பித்தார். நானும் தொந்தரவு செய்யவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றரை மணி நேரம் அவர் வரவில்லை. அரசாங்க வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

கமாண்டர்தான் தேநீரோடு போய்க் கதவைத் திறந்தாள். நாற்காலியில் உட்காராத மனிதர் கட்டிலில் ஒரு கையைத் தொங்கவிட்டுக் கிடந்தார். முகம் நன்றாகச் சிவந்து, யாரோ கூப்பிட்டுச் சிரித்ததுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. கதவை அகலமாகத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா படகு ஓட்டிட்டு வந்தாங்க" என்றார்.

"எந்த அக்கா, ஐயா?" என்று கேட்டாள் கமாண்டர்.

முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அக்காவே கிடையாது" என்றார்.

எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்காமல், படிவத்தை அப்படியே பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை. பணி நேரத்தில் தூங்கியதற்கு நான் புகார் எழுதுவேன் என்று பயந்தாரோ, இல்லை, தூங்க வைத்து ஏமாற்றப் பார்த்தோம் என்று நினைத்தாரோ, தெரியாது. இன்னும் நான்கு நாளில் மாதம் முடிகிறது. இனி அவர் வரமாட்டார்.

ஆகவே அண்ணா, சொன்ன சொல்படி நடந்துகொள்கிறேன். தரகரிடம் பேசுங்கள். ஒரே ஒரு விஷயம், இதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஐந்து வருடமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மருத்துவரிடம் போனேன், மாத்திரை பார்த்தேன், மூச்சுப் பயிற்சி பார்த்தேன், எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, எதுவும் பலிக்கவும் இல்லை. அந்த அறையில் மட்டும் தூங்குகிறேன். மாதம் ஒரு தடவை கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவது கணக்குப் பார்க்க இல்லை. உலகத்தில் எனக்கென்று நான் கேட்கக்கூடியது ஏதாவது உண்டென்றால் அது அந்தக் கட்டிலும் கூரையில் அசைகிற அந்த வெளிச்சமும்தான். இதைச் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முயல்கிறேன் என்று அண்ணி நினைத்தால், அவர் நினைப்பது சரி.

நீங்களும் ஒவ்வொரு தடவை அங்கே தங்கிவிட்டுத் தலைவலியோடு கிளம்புவீர்கள், என்னோடு வாதாடியதால் வந்தது என்பீர்கள். இனி அதற்கும் வாய்ப்பில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் கேட்காவிட்டாலும். எல்லோரும் நன்றாகத் தூங்கி நன்றாக எழுந்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை, அதனால் மறுநாள் நடந்ததையும் சேர்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். கையில் அளவு நாடா இல்லை, சோப்புப் பெட்டி அளவில் ஒரு மீட்டர் இருந்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேம்மா. எனக்குப் பகல் தூக்கம் கிடையாது. நேத்து ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. அப்பதான் புரிஞ்சுது" என்றார். எங்களை வெளியே நிறுத்திவிட்டு, வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டு, பின்னறை வாசலிலிருந்து கையை மட்டும் நீட்டி மீட்டரைப் பிடித்தார். அது அலறியது.

கேஸ் கீசரின் புகைக்குழாய் வெளியே தெரிந்தால் ஏரிப்பக்கம் வீட்டின் அழகு கெடும் என்று நீங்கள் சொன்னீர்களாம், குளியலறையைப் புதுப்பித்த உங்கள் ஆள் அதைப் பின்னறையின் பொய்க்கூரைக்கு மேலேயே முடித்துவிட்டிருக்கிறார். இரண்டு வருடமாக யார் குளித்தாலும் கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத நச்சுவாயு பின்னறைக்குள் இறங்கியிருக்கிறது. இதுவரை யாரும் சாகாமலிருந்தது சன்னல் சரியாக மூடாததால். அதை நான் தச்சரை வைத்துச் சரிசெய்தேன். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என்னை அந்த அக்கா கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார் அதிகாரி. தேநீர் கொண்டுபோனதற்காகக் கமாண்டரின் கையைப் பிடித்துக் கும்பிட்டார். முப்பத்தொரு குழுவினருக்கும் நான் கடிதம் எழுத வேண்டும். உங்கள் தலைவலிக்கு நான் காரணமில்லை என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது.

கீசரைக் கழற்றினார்கள். சன்னலைத் தச்சரே வந்து உடைத்தார். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு, மூன்று மணிக்கு, அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு போய்ப் படுத்துப் பார்த்தேன். வெளிச்சம் கூரையில் அசைந்தது. சுவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தூக்கம் வரவில்லை. எழுந்திருக்கவும் தோன்றவில்லை. ஐந்து மணிவரை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தேன்.

தரகரிடம் பேச வேண்டாம். உரிமத்துக்கு இரண்டு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். ஆறாவது கேள்விக்கு அதிகாரியே தன் கையால் பதில் எழுதினார்: "தற்சமயம் எவருமில்லை."