பின்னாடி கொஞ்சம் பாரம் வேணும்

நான் டிராக்டர் வாங்க முடிவு செய்தது உழுவதற்காக இல்லை. என் இரும்பைக் காப்பாற்றுவதற்காக. இந்த விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

எங்கள் தோட்டம் மூன்று ஏக்கர். கொஞ்சம் காய்கறி, நாலு மாடு, அந்த நாலும் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் போடுகிற சாணி, அதைக் கூடை கூடையாக அள்ளிச் சுமக்கிற நான். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில்தான் என் பதினெட்டு வருஷச் சேமிப்பு. புகைந்துபோன மோட்டார் மூன்று. நுனி உடைந்த கலப்பை. போர்வெல் குழாய்த் துண்டுகள். எந்த மிஷினில் இருந்தது என்று அதற்கே மறந்துபோன ஒரு பல்சக்கரம். மூடிப்போன அச்சகத்திலிருந்து ஏலத்தில் எடுத்த உருளை ஒன்று. அதை ஆறு பேர் சேர்ந்து இறக்கி வைத்தார்கள். அதற்கப்புறம் அந்த ஆறு பேரும் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று என் மனைவி வருஷத்துக்கு நாலு தடவை கேட்பாள்.

"ஒரு நாள் உதவும்."

"எந்த நாள்?"

"வந்தா தெரியும்."

பதினெட்டு வருஷமாக இதில் ஒரு வார்த்தை மாறவில்லை. அவள் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்த அன்றைக்குத்தான் மாறியது. காளானுக்கு வெயில் ஆகாதாம். மூடின இடம் வேண்டுமாம். நிழலும் ஈரமும் வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஷெட்டைப் பார்த்தாள்.

"பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொல்லட்டுமா?"

 எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது.

"அது முடியாது. ஷெட்டுல டிராக்டர் நிக்கப்போகுது."

"எந்த டிராக்டர்?"

"நாம வாங்கப்போற டிராக்டர். முன்னாடி அள்ளித் தூக்குற லோடர் வச்சது. சாணி அள்ளி அள்ளி என் முதுகு கேள்விக்குறி மாதிரி ஆயிடுச்சு, பார்க்கலையா நீ?"

எங்கள் வீட்டில் அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வாளி கூட உள்ளே வராது. பத்து நாளாவது சண்டை போட வேண்டியிருக்கும் என்று இடுப்பை வரிந்து கட்டினேன். அவள் என் முதுகைப் பார்த்தாள், ஷெட்டைப் பார்த்தாள், "வாங்கலாமே" என்றாள்.

வரிந்து கட்டிய இடுப்போடு அப்படியே நின்றேன்.

என் திட்டத்தைக் கேளுங்கள். சின்ன டிராக்டர் வாங்கினால் ஷெட்டில் பாதி இடம் மிஞ்சும். மிஞ்சிய பாதியில் காளான் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய டிராக்டராக வாங்கினால் முக்கால் ஷெட் அதற்கே போய்விடும். மீதிக் கால் பங்கில் என் இரும்பு இருக்கும். கேட்டால் உதிரி பாகம் என்று சொல்லிவிடலாம். ஷெட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காளானுக்கு ஒரு சாண் இடம் கூடக் கிடையாது. எனக்கே என் மூளையை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்து இருவரும் ஷோரூமுக்குப் போனோம். ஷோரூம்காரர் நல்ல மனுஷர். தோட்டம் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்டுவிட்டு நேராக ஒரு சின்ன வண்டியிடம் கூட்டிப்போனார்.

"மூணு ஏக்கருக்கு இருபத்தெட்டு ஹெச்.பி. தாராளம் சார். காய்கறிப் பாத்திக்கு நடுவுல நெளிஞ்சு வரும். இதுக்கு ஏத்த சின்ன லோடர் முந்நூறு கிலோ தூக்கும்."

நான் டேப்பை எடுத்து அளந்தேன். "நீளம் பத்தலையே."

"டிராக்டரை யாரும் நீளம் பார்த்து வாங்குறதில்ல சார்."

"நான் வாங்குவேன். அந்தப் பெருசு என்ன?"

"அது நாப்பத்தஞ்சு ஹெச்.பி. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது."

இங்கேதான் அவள் குறுக்கே விழுந்து தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "பெருசே எடுங்க. சின்னதுல உட்கார்ந்தா உங்க முட்டி தாடையில இடிக்கும்" என்றாள்.

"நிஜமாவா சொல்றே?"

"வெயில்ல ஓட்டணும் இல்ல? மேல கூரை வச்சதாப் பாருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்குப் போய் துரோகம் செய்கிறோமே என்று ஒரு நிமிஷம் மனசு உறுத்தியது. அடுத்த நிமிஷம் இரும்பு ஞாபகம் வந்தது. உறுத்தல் நின்றது.

"லோடரும் பெருசா இருக்கட்டும்" என்றாள்.

ஷோரூம்காரர் தலையைச் சொறிந்தார். "பெரிய லோடர் எண்ணூறு கிலோ தூக்கும்மா. ஆனா முன்னாடி அவ்வளவு கனம் ஏறினா, பின்னாடி சமன் பண்ண எடைப்பெட்டி மாட்டணும். ஒரு அறுநூறு கிலோவாச்சும் வேணும். இல்லேன்னா பின்சக்கரம் தூக்கிக்கும்."

"கனத்துக்கா எங்க வீட்ல பஞ்சம்? அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று நான் கம்பீரமாகச் சொன்னேன். அவள் குனிந்து கைப்பை ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் சரிசெய்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். கேட்ட டிராக்டர், கேட்காத கூரை, பெரிய லோடர். பதினெட்டு வருஷத்தில் முதல் வெற்றி. ஷெட்டுக்குப் போய் உருளையைத் தட்டிக்கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் டிராக்டர் வந்து இறங்கியது. நானே ஏறி உட்கார்ந்தேன். ராஜா மாதிரி ஷெட் வாசலுக்கு ஓட்டிப் போனேன். வாசலில் வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. கூரை வாசல் நிலையில் முட்டி நின்றது. நீளம் அளந்தவன், அகலம் அளந்தவன், உயரத்தை அளக்கவில்லை.

"உள்ள போகலையா?" என்றாள் அவள். "பரவாயில்லை, வெளியிலேயே நிக்கட்டும். மேலதான் கூரை இருக்கே."

நான் அவசரமாக யோசித்தேன். டிராக்டர் வெளியே. இரும்பு உள்ளே. பழைய இரும்புக்காரர் பேச்சே இல்லை. இதுவும் வெற்றிதான்.

அதே உற்சாகத்தில் சாணிக் குவியலில் பக்கெட்டைச் செருகினேன். ஈரச் சாணி, விளிம்பு வரைக்கும். நெம்புகோலை இழுத்தேன். பக்கெட் எழுந்தது. கூடவே பின்சக்கரம் இரண்டும் எழுந்தன. அவற்றோடு நானும் எழுந்தேன். நாலு மாடும் அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தன.

"மெதுவா இறக்குங்க" என்றாள். பதற்றமே இல்லாத குரல்.

இறக்கினேன்.  "பின்னாடி கொஞ்சம் பாரம் வேணும்" என்றேன்.

"ஆமாங்க. பாரம் வேணும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. என் மச்சான் இறங்கினார். அவளுக்கு அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். லாரியில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, பெயின்ட் எல்லாம் அடித்து, டிராக்டரின் பின்கொக்கியில் மாட்டக் காது வைத்து, தயாராக இருந்தது. பக்கத்தில் சிமென்ட் மூட்டை, ஜல்லி.

"மச்சான், இது எப்போ செஞ்சீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு மாப்ள."

நாங்கள் ஷோரூமுக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"இவ்வளவு பெருசா எதுக்கு? மண்ணைப் போட்டு நிரப்பிடலாமே."

"மண்ணு அந்த எடைக்கு வராது மாப்ள. இரும்புதான் சரி. இரும்பைப் போட்டு மேல கான்கிரீட் ஊத்திட்டா ஆடாது, அசையாது."

"இரும்புக்கு எங்க போறது?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது.  இரண்டு பேரும் ஷெட்டைப் பார்த்தார்கள்.

"இந்த உருளையெல்லாம் இதுல போகாது" என்றேன், கடைசி முயற்சியாக.

"அதை அளந்துதான் பெட்டியே அடிச்சேன். தங்கச்சி அளவு எடுத்துக் கொடுத்தா. பெட்டிக்கு மட்டுமா, ஷெட்டு வாசல் உயரமும்தான் கொடுத்தா."

ஷெட்டுக்குள் நுழையாதபடி கூரை வைத்த வண்டி. பெரிய லோடர். பெரிய லோடருக்குப் பெரிய பாரம். மெல்ல மெல்ல எனக்கு உறைத்தது.  மோட்டார்களையும் கலப்பையையும் குழாய்த் துண்டுகளையும் நானே வாசல் வரை தூக்கி வந்து, நானே வாங்கிய லோடரில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, நானே பெட்டிக்குள் இறக்கினேன். உருளையைச் சங்கிலி போட்டு இழுத்தோம். நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. பல்சக்கரத்தை மட்டும் சட்டைக்குள் ஒளிக்கப் பார்த்தேன். அது ஒன்பது கிலோ. மச்சான் கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். மேலே கான்கிரீட் ஊற்றினார்கள்.

கான்கிரீட் காய்ந்து இறுகியதும் பெட்டியை மாட்டினோம். உள்ளதைச் சொல்ல வேண்டும். மூன்று மாசச் சாணி ஒரே காலையில் காலி. சக்கரம் ஒரு நூல் கூட எழும்பவில்லை. முதுகு நிமிர்ந்து நான் வண்டியை விட்டு இறங்கினேன். ஷெட்டுக்குள் காளான் பைகள் வரிசையாகத் தொங்கின. அவள் அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்தாள். எடைப்பெட்டியை உள்ளங்கையால் தட்டினாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றாள்.

எனக்குக் கேட்டதை நம்ப முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்தி, "எது?" என்றேன்.

"ஒரு நாள் உதவும்னீங்களே."